செபமாலையின் முகத்தில் நான் குத்திய ஊசி

முல்லைத்தீவுக் கரையை விட்டுப் புதுக்குடியிருப்புப் பக்கமாக நான் நடந்துகொண்டிருந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் ஒரு எனாமல் தகடு. தகட்டில் ஒரு மனிதனின் முகம். அந்தத் தகட்டைச் செய்யச் சொன்ன அக்காவே அதை என் கையில் திருப்பித் தந்து, "கொண்டு போ" என்று சொல்லியிருந்தா. அவா கத்தியிருந்தால் நான் நின்றிருப்பேன், ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவா கத்தவில்லை. அதனால்தான் நடந்தேன். காலில் செருப்பு இல்லை. தார் ரோட்டில் பாதம் சுடுகிறது என்பதே இரண்டு மைல்கட்டை தூரம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தொழில் பழகுகிற தம்பிமாரே, தகடு சுடுகிற போறணையின் சூட்டையும் கண்ணாடி மா அரைக்கிற பக்குவத்தையும் பற்றி உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. அது கையால் வருவது, வந்துவிடும். இறந்தவரின் படத்தை வாங்கி வேலை முடித்து, அதை உரியவர் கையில் திருப்பிக் கொடுக்கிறோமே, அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் கெட்டுப்போனது அந்த நிமிடத்தில்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இரணைமடுக் குளக்கட்டில் மண் சுமந்தேன். மாங்குளத்தில் லொறிக்கு மரம் ஏற்றினேன். பரந்தனில் ஒரு அரிசி ஆலையில் உமி அள்ளினேன். ஓர் இடத்தில் ஒரு வருடம் நின்றது கிடையாது. சாப்பாடு இருந்த இடத்தில் சாப்பிட்டேன், இல்லாத இடத்தில் தண்ணீர் குடித்தேன். வவுனியாவில் நெளுக்குளத்துக்குப் போகிற வழியில் இருந்த எனாமல் பட்டறைக்கும் விறகு இறக்கத்தான் போனேன். இறக்கிவிட்டு நின்ற நேரத்தில், சுவரில் சாத்தியிருந்த ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்துத் தரையில் கரித்துண்டால் அதே மாதிரி எழுதினேன். முதலாளி வந்து குனிந்து பார்த்தார்.

"கை நல்லாயிருக்கு. தலை எப்பிடி?"

"அதைப் பற்றி எனக்குத் தெரியாது."

"தெரியாட்டில் நல்லது. நில்லு" என்றார்.

பஸ் நிற்கும் இடங்களுக்கான பலகை, குடியேற்றத் திட்டக் காணிகளுக்கான இலக்கத் தகடு, கரையோரத்துக் கிறிஸ்தவச் சேமக்காலைக் கல்லறைகளுக்கான நினைவுத் தகடு, இவைதான் அங்கே வேலை. தகரத்தில் பாதி, வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் வவுனியா விமானத் தளத்தில் விட்டுப்போன எச்சரிக்கைப் பலகைகள். அவற்றை வெட்டி, பழைய எழுத்துள்ள பக்கத்தைப் பின்னுக்கு விட்டு, முன்பக்கத்தில் புதிதாகப் பூச்சேற்றுவோம். முதலாளி அதிகம் பேசமாட்டார். பேசினால் திட்டுவார். ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் அவர் திட்டுவதில்லை, மெதுவாகச் சொல்வார். "படம் எங்கட சாமானில்லை. அதில ஒரு ஈ கூட இருக்கக்கூடாது."

படத்தின் மேல் எண்ணெய்க் கடுதாசி விரித்து, முகத்தின் கோடுகளைப் பென்சிலால் எடுக்கவேண்டும். பிறகு அந்தக் கடுதாசியைத்தான் ஊசியால் நெருக்க நெருக்கக் குத்துவோம். குத்திய கடுதாசியைத் தகட்டில் வைத்து, சீலையில் முடிந்த கரித்தூளால் தட்டினால், துளை வழியாகக் கரி இறங்கி முகம் பதியும். அதன் மேல்தான் வர்ணம்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம், திரேசம்மா தன் கணவனின் தம்பி அந்தோனியோடு பட்டறைக்கு வந்தா. முப்பது வயதிருக்கும். கையில் ஒரு செபப் புத்தகம். அதற்குள் ஒரு படம், உள்ளங்கை அளவு. படத்தில் இருந்தவர் அவாவின் கணவர் செபமாலை. அண்ணனும் தம்பியுமாகக் கருவாடு விற்கத் தெற்கே போனவர்கள். திரும்பி வரும் வழியில் கலவரக்காரர் லொறியை மறித்தார்கள். தம்பி தப்பி வந்தான். அண்ணனின் உடல்கூட வரவில்லை.

"சேமக்காலையில குழியில்லை ஐயா. சிலுவை மட்டும் நட்டிருக்கு" என்றா திரேசம்மா. "ஆண்டுப் பூசை வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. அதுக்குள்ள அவற்ற முகம் அந்தச் சிலுவையில இருக்கவேணும். வேற படமில்லை. கலியாணத்துக்கும் படம் எடுக்கேல்லை. இதுவும் ஆரோ மடு மாதா திருவிழாவில எடுத்தது."

முதலாளி படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தோனி என் பக்கம் திரும்பினான். என் வயதுதான் இருக்கும்.

"நீரோ படம் கீறுறனீர்? அண்ணன் சிரிச்சால் இடக்கண் சின்னனாப் போகும். ரெண்டையும் ஒரே அளவாக் கீறிப்போடாதையும். பிறகு பூசை வைக்கிற சுவாமியார் தன்ர படமெண்டு நினைச்சுப்போடுவார்."

திரேசம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவனைத் தடுக்கவும் இல்லை. நான் படத்தைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இடக்கண் சின்னதாகித்தான் இருந்தது.

அடுத்த வாரம் முதலாளிக்கு மலேரியா. நாலு நாளாகப் போர்வைக்குள் கிடந்தார். பட்டறை என் கையில். போறணையைப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் மூட்டுவோம். காணித் தகடுகளுக்காக அன்று காலையிலேயே மூட்டியாயிற்று. செபமாலையின் முகமும் அன்றே உள்ளே போகவேண்டும். இல்லாவிட்டால் பூசைக்கு இல்லை. எண்ணெய்க் கடுதாசிச் சுருளை எடுத்தேன். கூரையால் ஒழுகிய மழை அதில் ஊறி, தாளோடு தாள் ஒட்டிப் பிசினாகக் கிடந்தது. உரித்தால் கிழிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்க் கடுதாசி வாங்கி வந்திருக்கலாம். ஒரு மணி நேரம். சூடு இறங்கியிருக்கும், திரும்ப ஏற்ற விறகு போதாது. முதலாளியை எழுப்பிக் கேட்டிருக்கலாம். அவர் கண் திறந்தால் என்னைத்தான் திட்டுவார், சுருளை உயரத்தில் வைக்காதது நான்தான். இப்படியே நின்று யோசித்தேன். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். அப்போது உங்கள் கை என்ன எடுக்கிறது என்று பாருங்கள். என் கை ஊசியை எடுத்தது.

படத்தையே குத்தினேன்.

இடது காதுக்குக் கீழே தொடங்கி, தாடை, வாய், மூக்கு என்று போனேன். சின்னதாகிப் போயிருந்த கண்ணுக்கு வந்தபோது கை ஒரு தரம் நின்றது. பிறகு அதையும் குத்தினேன்.

மாலையில் போறணையைத் திறந்தபோது எனக்கே பயம் வந்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. நேரே படத்திலிருந்து இறங்கிய முகமல்லவா? வெள்ளைப் பூச்சுக்குள்ளிருந்து அந்த மனிதன் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. கீழே, பட்டறையில் எல்லாக் கிறிஸ்தவத் தகட்டுக்கும் போடுகிற, எழுத்து வெட்டிய வெட்டுத் தகட்டை வைத்து "ஆண்டவரில் நித்திரையடைந்தார்" என்று எழுதி, அதையும் போறணையில் ஏற்றிச் சுட்டேன். அந்தச் சொல்லைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எல்லாருக்கும் அதுதான்.

பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்து, கரண்டியின் முதுகால் பின்பக்கத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். துளைகள் ஒடுங்கின. மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முதலாளி போர்வையோடு எழுந்து வந்து, தகட்டைப் பார்த்து, "எட, ஆள் வந்திட்டானடா" என்றார். பிறகு கேட்டார்.

"படம் கவனமோ?"

"ஓம் முதலாளி."

படத்தைக் கடித உறைக்குள் போட்டு ஒட்டினேன். ஒட்டியபோது வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பூசைக்கு முதல் வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் ஏறி முல்லைத்தீவுக்குப் போய்த் தகட்டைக் கொடுத்தேன். திரேசம்மாவின் வீடு கிடுகு வேய்ந்தது, ஒரே அறை, கிழக்கே ஒரு யன்னல். யன்னல் நிலையில் அந்தோனியார் சுரூபம். அந்தோனி வாசலில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான். திரேசம்மா யன்னலடியில் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தா. விரலால் அந்தச் சின்னக் கண்ணைத் தொட்டா.

"அவர்தான்" என்றா. "சரியா அவர்தான். நல்லாயிரு தம்பி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். அக்கா, உங்கட படத்தில ஒரு பிழை விட்டிட்டன் என்று. வாயைத் திறக்கவில்லை. உறையை நீட்டினேன்.

அவா உறையைக் கிழித்துப் படத்தை எடுத்தா. யன்னல் நிலையில் சுரூபத்துக்குப் பின்னால் அது நிற்கிற இடம். இருந்தபடியே அங்கே வைக்கத் தூக்கியபோது கடல் பக்கத்து வெயில் யன்னலால் வந்தது. படத்தின் ஊடாக வந்தது.

தாடை, வாய், மூக்கு, கண். எல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சமாயிற்று. அவாவின் முகத்தில் அந்த வெளிச்சப் புள்ளிகள் விழுந்ததை நான் பார்த்தேன்.

"இதென்ன தம்பி?"

நான் கையிலிருந்த சாக்கை மடித்தேன்.

"இதென்ன எண்டு கேக்கிறன்."

"வெளிச்சத்தில பிடிக்காட்டில் தெரியாதக்கா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் மிகக் கேவலமானது அதுதான். படத்தைக் குத்தியதைவிட அது மோசம். பொய்கூட இல்லை, உண்மைதான். அதனால்தான் அவ்வளவு மோசம்.

அவா படத்தை இறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அவங்கள் மூண்டு குத்துத்தான் குத்தினவங்கள்" என்றா. "நீ எத்தினை குத்தினனீ?"

வாசலில் அந்தோனியின் கையிலிருந்த ஈயக்குண்டு கீழே விழுந்தது. திரேசம்மா மடியிலிருந்த தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினா. "கொண்டு போ."

அப்படித்தான் நான் அந்த ரோட்டுக்கு வந்தேன். பட்டறைக்குத் திரும்பிப் போவதா, வேறு பக்கம் போவதா என்று தெரியாது. வேறு பக்கம் போவது எனக்குப் பழக்கம். ஆனால் சாக்கில் அந்த முகம் இருந்தது. அதை எங்கே போடுவது? பற்றைப் புதருக்குள் எறிய முடியுமா? ஒரு தரம் நின்று பார்த்தேன். முடியவில்லை.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

"நில்லும் காணும்!"

அந்தோனி. அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்துச் சாக்கைக் கீழே வைத்தேன். தகட்டில் பட்டுவிடக் கூடாது. அவன் சைக்கிளைச் சரித்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"எடும் பாப்பம்."

எடுத்துக் கொடுத்தேன். பாலை மர நிழலில் குந்தியிருந்து பார்த்தான். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"இதென்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீசு. பழைய பலகை. அபாயம் எண்டு."

"முன்னால?"

வாசித்தேன்.

"நித்திரையோ?" என்றான். சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. "நித்திரையாப் போற ஆள் அப்பிடிக் கத்தமாட்டான்."

பிறகு அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மூண்டு எண்டு சொன்னது நான். மச்சாள் திரும்பத் திரும்பக் கேட்டவா, எத்தினை குத்து, எத்தினை குத்து எண்டு. என்ன சொல்லுறது? மூண்டு எண்டு சொன்னனான். அதோட அவா கேக்கிறதை விட்டிட்டா. ஒரு வருசமா அந்த மூண்டை வைச்சுக்கொண்டுதான் செபிக்கிறா, நான் பக்கத்தில முழங்காலில நிக்கிறன். ஆனா நான் பாக்கேல்லை காணும். லொறியை மறிச்ச உடன குதிச்சுச் சோளக்காட்டுக்குள்ள ஓடினனான். அண்ணன் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். நான் படுத்துக் கிடந்தனான். சத்தம் மட்டும் கேட்டது. மூண்டில்லை. நான் எண்ணேல்லை. காதைப் பொத்தினனான்."

ஒரு மாட்டு வண்டி எங்களைக் கடந்து போனது. வண்டிக்காரன் ஏதோ கேட்டுக்கொண்டே போனான்.

"நீர் சொல்லும்" என்றான் அந்தோனி. "இதை மச்சாளுக்குச் சொல்லுறதோ, விடுறதோ?"

ஐந்தாம் வகுப்புப் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் அன்று அதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"நான் சொல்லாமல் விட்டதாலதான் இந்த வெயிலுக்குள்ள நடக்கிறன்" என்றேன்.

அவன் எழுந்தான். சாக்கைக் கரியரில் வைத்துக் கட்டினான். என்னை முன் கம்பியில் ஏற்றினான். கரையில் இருந்த தன் மீன்வாடியில் என்னை இறக்கி, தகட்டையும் அங்கேயே வைத்துவிட்டு, பொழுது சாயமுதல் அண்ணன் வீட்டுக்குப் போனான். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனும் பிறகு சொல்லவில்லை. வாடியிலிருந்து பார்க்க, அவன் சைக்கிள் அந்த வேலியில் சாத்தியபடி நின்றது. எனக்கு யாரோ ஒரு கோப்பையில் சோறும் மீன் குழம்பும் வைத்துவிட்டுப் போனார்கள். தின்றேன். படுத்தேன்.

காலையில் வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம், திரேசம்மா தனியாக வாடிக்கு வந்தா. கண் வீங்கியிருந்தது. கையில் மடித்த ஒரு துவாய். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் இருந்தா. நான் எழுந்து நின்றேன்.

"தகட்டைக் கொண்டு வா."

கொண்டுபோய் வைத்தேன். அவா முகத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த எழுத்தில் விரலை வைத்தா.

"இந்த நித்திரையை எடுக்கேலுமோ?"

"எடுக்கலாம் அக்கா. உரஞ்சி எடுத்துப்போட்டுத் திரும்பப் பூச்சேத்தவேணும். என்ன எழுத?"

"கொல்லப்பட்டார் எண்டு."

பட்டறையில் எத்தனையோ தகடு செய்திருந்தோம். கடலில் போனவர், பாம்பு கடித்தவர், காய்ச்சலில் போனவர். அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. அதற்கு வெட்டுத் தகடும் இல்லை. முதலாளி விடுவாரா, பொலிஸ் என்ன சொல்லும் என்று தலைக்குள் ஓடியது.

"சுவாமியார்..." என்று இழுத்தேன்.

"சுவாமியாரோட நான் கதைக்கிறன். உனக்கு அந்தச் சொல் எழுத வருமோ? எழுதிக் காட்டு."

ஈர மணலில் முழங்காலில் இருந்து விரலால் எழுதினேன். அவா எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தா.

"இன்னும் பெரிசா."

அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன். தலையசைத்தா.

தகட்டைக் கையில் எடுத்தேன். அப்போது அந்த நிமிடம் திரும்ப வந்தது. முந்திய நாள் வாய் திறக்காத அதே நிமிடம். இந்த முறை திறந்தேன்.

"அக்கா, வேலைக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். இது ரெண்டு தரம் திரும்ப நெருப்புக்குள்ள போகவேணும். எழுத்து வரும். முகத்துக்கு நான் பொறுப்புச் சொல்லேலாது. உருகலாம், வெடிக்கலாம். இப்ப இருக்கிற மாதிரி அவர் வராமல் போகலாம். நாளைக்குப் பூசைக்கும் வராது."

"பூசை தகடில்லாமலும் நடக்கும்."

"முகம், அக்கா..."

அவா துவாயை விரித்து, அதற்குள்ளிருந்து படத்தை எடுத்தா. கடலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த சூரியனுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தா. எல்லாத் துளையாலும் வெளிச்சம் வந்தது. நான் தலையைக் குனிந்தேன்.

"அந்த முகம் போனால் போகட்டும்" என்றா. "படம் என்னட்டை இருக்கு."

நான் தகட்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு வவுனியா பஸ்ஸுக்கு நடந்தேன். கூலிக்கு வேலை செய்தவன் நான். அதுவரை செய்த வேலைகளெல்லாம் யாரோ கொடுக்கச் செய்தவை. என்ன வரும் என்று தெரிந்தே நானாக எடுத்த முதல் வேலை அதுதான்.